ட்ருகனினாவில் ஒரு துபாய் வீடு

சிட்னிக்காரர்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டுதான் காலைக் காப்பி குடிக்கிறார்கள் என்று நம்பியிருந்தேன். முகநூல் படங்கள் அப்படித்தான் சொல்லியிருந்தன. எனக்குத் தெரிந்த சிட்னித் தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசியின் முகப்புப் படத்தில் அந்த வெள்ளைச் சிப்பிக் கூரை அரங்கு இருக்கும். போய் இறங்கிய பிறகு தெரிந்தது: அதற்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே முக்கால் மணி நேர ரயில் பயணம் இருக்கிறது. சனி, ஞாயிறு என்றால் பல நேரம் அந்த ரயிலும் ஓடாது.

நான் போனது சனிக்கிழமை.

தண்டவாளப் பராமரிப்பு. ரயிலுக்குப் பதில் பேருந்து. ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள் கையைக் காட்டிய பக்கமெல்லாம் கூட்டம் முணுமுணுக்காமல் போனது. நம் ஊரில் இதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு முன்னால் ஐம்பது பேர் நின்றிருப்பார்கள். நானும் ஒரு பேருந்தில் ஏறினேன். தங்கப்போகும் வீட்டுக்கு இறங்க வேண்டிய நிலையம் ஜன்னலுக்கு வெளியே வேகமாகக் கடந்து போனது. ஓட்டுநரிடம் போய் நின்றேன். "இது எங்கேயும் நிற்காத வண்டி கண்ணு, பரமட்டாவில்தான் கதவு திறக்கும்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். எனக்கு வயது ஐம்பத்தாறு. என்னைக் கண்ணு என்று யாரும் அழைத்து வெகுகாலம் ஆகிவிட்டதால் கோபம் வரவில்லை.

பரமட்டாவில் எனக்கு இரண்டு நாள் வேலை. மருத்துவமனை அறிவிப்புகளைத் தமிழில் மாற்றும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு, நாளிதழில் முப்பது வருடம் செய்தி திருத்திய ஒருத்தி என்ற முறையில், எளிமையாக எழுதுவது பற்றி வகுப்பெடுக்க வேண்டும். முதல் மணி நேரம் முழுக்க 'நாற்காலியா, கதிரையா' என்பதிலேயே போயிற்று. இந்தியத் தமிழர்கள் ஒரு பக்கமும் இலங்கைத் தமிழர்கள் மறுபக்கமுமாக அறை பிரிந்தது. கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மா, "நோயாளி நிண்டுகொண்டே இருக்கிறார், கெதியா முடியுங்கோ" என்றதும் எல்லோரும் சிரித்து அடுத்த பக்கத்துக்குப் போனோம்.

தங்கியது மரியதாஸ் அங்கிள் வீட்டில். மன்னார்க்காரர், எழுபதை நெருங்குகிறவர். அவர் மகள் என் வகுப்பின் ஒருங்கிணைப்பாளர். அங்கிளின் மனைவி ரோஸ் அன்ரி சமையலறை மேசையிலேயே இடியப்பமும் சொதியும் கட்டைச் சம்பலும் வைத்துவிட்டு, "குசினிக்குள்ளயே இருந்து சாப்பிடுங்கோ, ஹோல்ல குளிர்" என்றார். திங்கட்கிழமை நான் மெல்பேர்ன் கிளம்புவதைப் பற்றி, மூன்றாவது முறை சொதி ஊற்றும்போதுதான் அங்கிள் கேட்டார்.

"மெல்பேர்ன்ல ஆர் இருக்கினம் தங்கச்சி?"

"துபாயிலேருந்து வந்த ஒரு குடும்பம். ரெண்டு வருஷமா ட்ருகனினாவில இருக்காங்க."

"துபாயோ!" கையைக் கழுவாமலே சாய்ந்து உட்கார்ந்தார். "கலியாணம் கட்ட முதல் ரெண்டு வரியம் நான் அங்க நிண்டனான். ஒரு பெரிய ஹோட்டலுக்கு வயரிங். வாசல்ல ஒரு தூக்கு விளக்கு, கண்ணாடி எண்டா கண்ணாடி, மாடு மாதிரிப் பாரம். நாங்கள்தான் பூட்டினது. சுவிட்சைப் போடுற அண்டைக்கு எங்களை வெளியில நிக்கச் சொல்லிட்டாங்கள்."

"அந்த லைட்டை இவர் பாக்கவே இல்லையோ எண்டு கேளுங்கோ" என்றார் ரோஸ் அன்ரி.

"பார்த்தீங்களா அங்கிள்?"

"ஓம், ஓம். பாத்தனான். லேபர் கேம்புக்குப் போற பஸ்ஸுக்குள்ள இருந்து."

"வாற ஆக்கள் எல்லாருக்கும் இந்தக் கதைதான்" என்று அன்ரி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அது எனக்கு எந்த அளவுக்குத் தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

மெல்பேர்ன் போவதற்கு முன்னால் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பத்திரிகை ஞாயிறு இணைப்புக்காக என்னைத் துபாய்க்கு அனுப்பியது. வளைகுடாவில் நன்றாக வாழும் நம் மாவட்டத்துக்காரர்கள் பற்றிக் கட்டுரை வேண்டும். அப்படிக் கிடைத்தவர் அறந்தாங்கி முருகானந்தம். எல்லோருக்கும் ஆனந்த். குளிர்சாதனப் பொறியாளர். மனைவி தேன்மொழி, ஒன்றரை வயதுக் குழந்தை யாழினி. முப்பத்தோராவது மாடியில் சுவரே கண்ணாடியாக ஒரு வீடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடல், கீழே நீலச் செவ்வகமாக நீச்சல் குளம். வெள்ளைக் கம்பளத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. புகைப்படக்காரருக்கு வேலையே இருக்கவில்லை, எங்கே திருப்பினாலும் படம். 'மேகத்துக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அறந்தாங்கிக்காரர்' என்று முழுப் பக்கம் வந்தது. ஆனந்தின் அப்பா அதை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினார். இன்னொரு பிரதியும் போட்டு மகனுக்கு அனுப்பினார்.

அன்று தேன்மொழி தேநீரைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார். அவ்வளவு பெரிய வீட்டில் காகிதக் கோப்பை. அதைக் கவனித்தேன், குறிப்பேட்டிலும் எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் ட்ருகனினா. மெல்பேர்னின் மேற்கே, கிடங்குகள் முடிந்து வீடுகள் தொடங்கும் இடம். அல்லது வீடுகள் முடிந்து கிடங்குகள் தொடங்கும் இடம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்தது. ரயிலில் வந்து பேருந்து பிடித்தேன். அந்தத் தெரு மிகப் புதியது. என் கைப்பேசி வரைபடம் அங்கே இன்னும் புல்வெளியைக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லா வீடுகளும் ஒரே சாம்பல் நிறம், ஒரே உயரம், முன்னால் ஒரே மாதிரி நட்ட ஒரு குச்சிச் செடி. காற்று தள்ளியது. பெட்டியை இழுத்துக்கொண்டு போய் ஓர் அழைப்பு மணியை அமுக்கினேன்.

கதவைத் திறந்தவர் தலைப்பாகை கட்டிய ஒரு பஞ்சாபிப் பெரியவர். இந்தியும் ஆங்கிலமுமாகப் பேசினோம். ஆனந்த் வீடு என்றேன், தெரியவில்லை. தமிழ்க் குடும்பம் என்றேன், இந்தத் தெருவில் நாலு குடும்பம் என்றார். துபாய் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட்டைப்பெட்டிக்காரர்! மூன்றாவது வீடு. கார் எப்போதும் வெளியில்தான் நிற்கும். கராஜுக்குள் காருக்கு இடம் இல்லை."

உண்மைதான். தேன்மொழி கராஜ் கதவைத் தூக்கியே என்னை உள்ளே அழைத்தார். கூரைவரை அட்டைப்பெட்டிகள். டி.வி. பெட்டி, மிக்ஸி பெட்டி, மைக்ரோவேவ் பெட்டி, குழந்தை நடைவண்டிப் பெட்டி, அயர்ன் பெட்டியின் பெட்டி. உள்ளே இருக்கும் தெர்மோகோலும் பிளாஸ்டிக் உறையும் அப்படியே.

"துபாய்ப் பழக்கம்க்கா" என்றார், வெட்கமும் சிரிப்புமாக. "அங்க எல்லார் வீட்லயும் இருக்கும். கட்டிலுக்கு அடியில, அலமாரிக்கு மேல. வேலை போனா விசாவும் போயிடும், கொஞ்ச வாரத்துல கிளம்பணும். பெட்டி இல்லாம டி.வி.யை எப்படி அனுப்புறது? இங்க வந்து வாங்கினதுக்கும் சேர்த்து வெச்சிருக்காரு. வாஷிங் மெஷின் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னேன். ரெண்டு நாள் பேசல."

உள்ளே சுவர்கள் வெறுமையாக இருந்தன. கடிகாரம் அலமாரியில் சாய்ந்திருந்தது. முருகன் படம் மைக்ரோவேவ் மேல். டி.வி.க்குப் பக்கத்தில், இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதுபோல, என் கட்டுரை. லேமினேட் ஓரம் கொஞ்சம் பிரிந்திருந்தது.

ஆனந்த் ஏழு மணிக்கு வந்தார். நவம்பர் மாதம், வெளியே இன்னும் வெயில். அவர் மட்டும் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். பக்கத்துக் கிடங்கொன்றில் குளிர் அறைகளைப் பழுதுபார்க்கிற வேலை.

"நாப்பத்தெட்டு டிகிரியில வேலை பார்த்தவனைக் கொண்டாந்து மைனஸ் இருபதுல நிக்க வெச்சிருக்காங்க மேடம். நடுவுல எங்கேயும் என்னை யாரும் இறக்கி விடல."

சாப்பாட்டுக்குக் கொடுவா மீன் குழம்பு. இங்கே அதற்கு வேறு பெயர், அதே மீன். குழம்பு அறந்தாங்கிக் குழம்பு. யாழினிக்கு இப்போது பதினொன்றரை வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். நான் அவள் சொன்னதைத் தமிழில்தான் எழுதப் போகிறேன்.

முள் எடுத்துக்கொண்டே ஆனந்த் விஷயத்துக்கு வந்தார். துபாயில் அவர் பழைய கம்பெனி திரும்பக் கூப்பிடுகிறது. இம்முறை மேனேஜர். வீடு, கார், பள்ளிச் செலவு எல்லாம் அவர்களுடையது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இவ வேணாங்கிறா. பாப்பா போலாங்கிறா. அப்பா ஊர்லேருந்து தினம் போன் பண்றாரு. 'ராசா மாதிரி இருந்தவன் ஐஸ்பெட்டிக்குள்ள என்னடா பண்ற'ங்கிறாரு. உங்க கட்டுரையை வேற படிச்சுக் காட்டுறாரு." சிரித்தார். "நீங்க நேர்ல வந்து பார்த்தவங்க. நீங்க சொல்லுங்க மேடம், அது வாழ்க்கையா, இது வாழ்க்கையா?"

"நான் டிப்ளமோ முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்றார் தேன்மொழி, யாரையும் பார்க்காமல். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே செவிலியர் படிப்பு படிக்கிறார். "இப்ப கிளம்பினா படிப்பும் போச்சு, சிட்டிசன்ஷிப்பும் போச்சு."

"எனக்கு அந்த வீடு வேணும்" என்றாள் யாழினி. டி.வி. பக்கமாகக் கையைக் காட்டினாள். "நீச்சல் குளம் இருந்த வீடு. அப்பா ஆபீஸ் மாறினதாலதான் சின்ன வீட்டுக்குப் போனோம். எனக்குச் சின்ன வீடுதான் ஞாபகம் இருக்கு. அநியாயம்."

ஒரு குடும்பத்தின் வாக்கெடுப்பில் என் கட்டுரை இரண்டு வாக்கு வைத்திருந்தது. நான் குழம்பைப் பாராட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை தேன்மொழிக்கு விடுமுறை. த பேசின் என்ற புறநகரில் இருக்கும் விநாயகர் கோயிலுக்கு அழைத்துப் போனார். மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரத்துக்கு, முழு நகரத்தையும் குறுக்கே கடந்து, மலையடிவாரம் வரை. ஒரு மணி நேரத்துக்கு மேல். காரின் முன்னும் பின்னும் புது ஓட்டுநர்களுக்கான எழுத்து அட்டை ஒட்டியிருந்தது. ஆனால் அவர் ஓட்டியது புது ஓட்டுநர் மாதிரி இல்லை. பெரிய லாரிகளுக்கு நடுவே புகுந்து, இடது கையால் எனக்கு முறுக்கு டப்பாவை நீட்டினார்.

"துபாய்ல அஞ்சு தடவை டெஸ்ட்ல ஃபெயில்க்கா. அப்புறம் ஏன் செலவுன்னு விட்டுட்டோம். அங்க எனக்கு வெளியில போக வேலையும் இல்ல. ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங்கோட ஏ.சி. மெஷினுங்க. எண்ணியிருக்கேன். நாப்பத்தி ரெண்டு."

"முப்பத்தோராவது மாடியிலயா?"

சாலை ஒரு பாலத்தின் மேல் ஏறி இறங்கியது. முறுக்கு டப்பாவை வாங்கி மூடி வைத்தார்.

"அக்கா, அது எங்க வீடு இல்ல."

விற்பனைக்குப் பார்க்க வருகிறவர்களுக்காக அலங்கரித்து வைத்த மாதிரி வீடு அது. அந்தக் கட்டிடத்தின் ஏ.சி. பராமரிப்பு ஆனந்தின் பொறுப்பு. சாவி அவரிடம் இருந்தது. பத்திரிகையிலிருந்து வருகிறார்கள் என்று அறந்தாங்கியில் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவர்கள் அப்போது இருந்ததோ, ஒரு பழைய வில்லாவைப் பலகையால் அறை அறையாகத் தடுத்துக் குடியிருந்த எட்டுக் குடும்பங்களில் ஒன்றாக. ஒரே அறை. சமையலறைக்கு முறை, குளியலறைக்கு முறை. யாழினிக்கு ஞாபகம் இருக்கும் சின்ன வீடும் அந்த ஏ.சி. ஜன்னலும் அதற்குப் பிறகு வந்தவை.

"காலையில எட்டு மணிக்கே ஃபிளாஸ்க்ல டீ போட்டு எடுத்துட்டுப் போனேன். அந்த வீட்ல கண்ணாடி டம்ளர் எல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்துச்சு. எடுக்க வரல. அதான் காகிதக் கப்பு." கொஞ்சம் சிரித்தார். "நீங்க கேட்டுடுவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

ஊர், வயது, படிப்பு, இன்ஷியல் என்று எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தவள் நான். இது யார் வீடு என்று மட்டும் கேட்கவில்லை.

"அப்புறம் ஏன் இன்னும் அதை வெச்சிருக்கீங்க?"

"மாமா அனுப்பினது. அதோட..." ஒரு வளைவு வந்தது, கவனமாகத் திரும்பினார். "சொல்லிச் சொல்லி இவருக்கே அது நெசம்னு ஆயிடுச்சுக்கா. அங்க எல்லாம் மோசம்னு நான் சொல்லல. கரன்ட் போனதே இல்ல. எந்த நேரத்துலயும் பயமில்லாம நடக்கலாம். வெள்ளிக்கிழமை ஆனா எட்டுக் குடும்பமும் சேர்ந்து பிரியாணி. அந்த மாதிரி சிரிச்சதே இல்ல. ஆனா அதுக்காகத் திரும்பிப் போகச் சொன்னா போகலாம். இவரு போகணும்கிறது அந்தக் கண்ணாடி வீட்டுக்கு."

கோயிலைச் சுற்றி உயரமான மரங்கள். ஈரக் காற்று. அர்ச்சகர் தோள் துண்டுக்கு மேலே ஜாக்கெட் போட்டிருந்தார், அது அங்கே யாருக்கும் விசேஷமாகத் தெரியவில்லை. புளியோதரை சூடாகக் கிடைத்தது. தேன்மொழி அர்ச்சனைச் சீட்டில் மூன்று பெயரையும் எழுதினார். வேண்டுதல் என்னவென்று நான் கேட்கவில்லை. தெரியும்.

புதன்கிழமை நகரத்துக்குள் தனியாகத் திரிந்தேன். டிராமில் ஏறியதும் பொறுப்பாக என் பயணச்சீட்டு அட்டையைத் தேய்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர், இந்தப் பகுதிக்குள் டிராம் இலவசம், தேய்த்தால்தான் காசு என்று அன்பாகச் சொன்னார். நேர்மையாக இருந்ததற்கு அபராதம் கட்டியது அதுதான் முதல் தடவை. மெல்பேர்னில் ஒரே பகலில் வெயில், மழை, காற்று, மீண்டும் வெயில். துபாயில் இருந்த நான்கு நாளும் வானம் ஒரே நிறமாக இருந்தது நினைவுக்கு வந்தது. அங்கே மாலுக்குள் பனிச்சறுக்கு பார்த்தேன். அதைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். அந்தப் பனியை உறையவைத்துக் காப்பாற்றுகிறவர் எங்கே தூங்குகிறார் என்று எழுதவில்லை. மரியதாஸ் அங்கிள் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்த அந்தத் தூக்கு விளக்கு நினைவுக்கு வந்தது.

ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். ஆனந்த் அன்று சீக்கிரம் வந்திருந்தார். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. கம்பெனியின் கடிதம். யாழினி தோசைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, அந்த வீட்ல என் ரூம் எது? கடல் பக்கமா, குளத்துப் பக்கமா?"

தேன்மொழி தோசைக்கல்லில் திருப்பியை வைத்தபடி நின்றுவிட்டார். ஆனந்த் திரையையே பார்த்தார்.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் 'திருத்தம்' என்று ஒரு சின்னப் பெட்டி போடுவோம். ஏழாம் பக்கத்தின் அடியில், ஏல விளம்பரத்துக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து. இங்கே ஏழாம் பக்கம் இல்லை.

"யாழினி, அந்தக் கட்டுரையில ஒரு தப்பு இருக்கு" என்றேன். "நான் பண்ணின தப்பு. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காம எழுதிட்டேன்."

"என்ன கேள்வி?"

ஆனந்த் மடிக்கணினியை மூடினார். மனைவியைப் பார்த்தார். தேன்மொழி பார்வையைத் திருப்பவில்லை. ஆனந்துக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நானே சொல்றேன் மேடம். பாப்பா, கராஜுக்கு வா."

கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வாஷிங் மெஷின் பெட்டியை ஒரு மூலையில் வைத்தார். டி.வி. பெட்டியை நீளவாக்கில் படுக்கவைத்தார். மைக்ரோவேவ் பெட்டி, மிக்ஸி பெட்டி, நடைவண்டிப் பெட்டி. கொஞ்ச நேரத்தில் சிமென்ட் தரையில் நாலு பக்கம் அடைத்த ஒரு செவ்வகம் உருவாயிற்று.

"இதான் உன் வீடு" என்றார். "அந்தப் போட்டோல இருக்கிறது நான் ஏ.சி. பார்த்த வீடு. ஒரு நாள் கதவைத் திறந்து விட்டேன். அவ்வளவுதான். நாம இருந்தது இங்க."

யாழினி செவ்வகத்துக்குள் இறங்கி நின்றாள்.

"இது கட்டில். இது ஃபிரிட்ஜ், அதுக்கு மேல டி.வி. இங்க உன் தொட்டில்."

தேன்மொழி வாசலிலிருந்து, "தொட்டில் அந்தப் பக்கம். ஃபிரிட்ஜ் சத்தத்துல அவ தூங்க மாட்டா" என்றார். பிறகு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். "என்னங்க, இவ்ளோ பெருசா போட்டிருக்கீங்க? அரை அடி உள்ள தள்ளுங்க."

"சரியாத்தான்டி இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. கதவைத் திறந்தா கட்டில்ல இடிக்கும். மறந்துட்டீங்களா?"

ஆனந்த் வாஷிங் மெஷின் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார். "இன்னும்" என்றார் தேன்மொழி. இன்னும் தள்ளினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்ரூம்?" என்றாள் யாழினி.

"வெளியில. அஞ்சரைக்கு நம்ம முறை. விட்டா ஏழே காலுக்குத்தான்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"தாத்தா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. இவங்க எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் டி.வி. பெட்டி மேல், அதாவது கட்டில் மேல், உட்கார்ந்தாள். கையை நீட்டி ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தாள். எட்டியது.

"இப்போ கம்பெனி குடுக்கிறேங்கிற வீடு? அது நம்மளோடதா?"

"வேலை இருக்கிற வரைக்கும்."

"அப்போ இந்தப் பெட்டியெல்லாம் மறுபடி எடுத்துட்டுப் போகணுமா?"

ஆனந்த் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினைந்து வருடமாக ஒட்டுநாடா போட்டு, பூச்சி உருண்டை வைத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்தவை.

"ஆமாடா. எடுத்துட்டுத்தான் போகணும்" என்றார்.

தோசை கருகும் வாசனை வந்தது. தேன்மொழி உள்ளே ஓடினார்.

வியாழக்கிழமை காலை ஒட்டுநாடா கிழிபடும் சத்தத்தில் விழித்தேன். ஆனந்த் பிளேடால் பெட்டிகளின் அடியை வெட்ட, யாழினி அவற்றின் மேல் குதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுசுழற்சிக் குப்பை எடுக்கிற நாள் அது. மஞ்சள் மூடி போட்ட தொட்டி. நாலு பெட்டியிலேயே தொட்டி நிரம்பிவிட்டது. மூடி சரியாக மூடாவிட்டால் லாரிக்காரர் தொடமாட்டார். பஞ்சாபிப் பெரியவர் தன் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். "என்னுடையது பாதி காலி" என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டிக்காரர் என்ற பெயருக்கு இனி என்ன செய்வது என்று கவலைப்பட்டார்.

டி.வி. பெட்டியை மட்டும் ஆனந்த் சுவரோரமாகத் தள்ளி வைத்தார்.

"அது மட்டும் இருக்கட்டும் மேடம். வாரண்டி முடியல."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைக் கொண்டுவந்து காட்டினார். கம்பெனிக்கு எழுதிய பதில். மூன்று வரி. "கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்றார். வருந்துகிறேன் என்பது இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்றை எடுத்தேன். அனுப்பினார்.

"இங்க இன்ஜினியர் லைசென்ஸுக்கு மறுபடி பரீட்சை எழுதணும் மேடம். நாப்பத்தி நாலு வயசுல. பாஸ் பண்ணுவேனான்னு தெரியல."

"அஞ்சு தடவை ஃபெயிலான ஆளு நான் இருக்கேன், சொல்லித் தர்றேன்" என்றார் தேன்மொழி. அவர் காரை மெதுவாக, பஞ்சாபிப் பெரியவர் பின்னால் நின்று கைகாட்ட, கராஜுக்குள் ஏற்றினார். வீட்டுக்கு வந்த இரண்டு வருடத்தில் முதல் முறை. உடனே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. என்னை விமான நிலையத்தில் விட வேண்டுமே.

கிளம்பும்போது யாழினி என் கட்டுரையோடு வந்தாள். லேமினேட் செய்ததை மஞ்சள் மூடித் தொட்டியில் போடக்கூடாதாம், பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

"ஆன்ட்டி, நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"அப்படியே அறந்தாங்கியில அப்பாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்றார் ஆனந்த், என் பெட்டியைக் காரில் ஏற்றியபடி. "எழுதினது நீங்கதானே."

நியாயமான தண்டனை. ஒப்புக்கொண்டேன்.

இப்போது திருச்சியிலிருந்து அறந்தாங்கி போகும் பேருந்தில் இதை எழுதுகிறேன். லேமினேட் பிரதி மடியில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் யாழினி, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தில், அழியாத மையால் தாத்தாவுக்கு எழுதியிருப்பதை விமானத்தில்தான் பார்த்தேன். என்னால் இதைவிடச் சுருக்கமாக ஒரு திருத்தம் போட முடியாது:

'தாத்தா, இது எங்கள் வீடு இல்லை. அந்த வீட்டு ஏ.சி.யை அப்பா பார்த்தார். இப்போது எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. வந்து பாருங்கள். கார் உள்ளே நிற்கும்.'